இண்டி: சொல் விளக்கம்

கிட்டார் கிணுகிணுன்னு கேட்டு, பாடுறவர் குரல்ல லேசா சோகம் இருந்தா அதான் இண்டி இசைன்னு நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. ஆனா அந்தச் சொல் பொறந்தப்போ சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. யாரு காசு போட்டு ரெக்கார்ட் அடிச்சா, யாரு கடைக்குக் கொண்டு போய் சேத்தா, இதான் கேள்வியே.

இண்டிபெண்டன்ட்ங்கறதோட சுருக்கம்தான் இண்டி. வேர் லத்தீன்ல இருக்கு, பெண்டெரேன்னா தொங்குறது, அப்ப டிபெண்ட்னா ஒண்ணப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கறது, முன்னாடி இன் சேந்துட்டா எதையும் புடிச்சுத் தொங்காதது. நம்ம மொழில அதே எடத்துல சாயறதுதான் வருது பாருங்க, சார், சார்ந்து, சார்பு. எனக்கு இது ரொம்பப் புடிச்ச விஷயம்.

1977 ஜனவரில மான்செஸ்டர்ல பஸ்காக்ஸ்னு ஒரு பேண்ட், 500 பவுண்ட் கடன் வாங்கி 1000 ரெக்கார்ட் தாங்களே அடிச்சு வெளியிட்டாங்க, பெரிய கம்பெனி கதவத் தட்டாம ரெக்கார்ட் போடலாம்னு அதப் பாத்துதான் பல பேருக்குத் தைரியம் வந்துச்சு. அப்புறம் 1980 ஜனவரில பிரிட்டன்ல இண்டி சார்ட்டே, அதாவது எந்த இண்டி ரெக்கார்ட் அதிகமா விக்குதுன்னு போடற வரிசைப் பட்டியலே, தனியா ஆரம்பிச்சுட்டாங்க. விதி ஒண்ணுதான், பெரிய கம்பெனிங்களோட வினியோகம் வழியா வந்திருக்கக் கூடாது. அதனாலதான் 1980கள் கடைசில பாடகி கைலி மினோக்கோட டான்ஸ் பாட்டெல்லாம் இண்டி சார்ட்ல இருந்துச்சு!

அப்ப கிட்டார் எப்படி உள்ள வந்துச்சு? அதுக்கு தி ஸ்மித்ஸோட கதையத்தான் பாக்கணும். 1982ல மான்செஸ்டர்ல மோரிஸ்ஸியும் ஜானி மாரும் ஆரம்பிச்ச பேண்ட், லண்டன்ல ஒரு ரெக்கார்ட் கடையா ஆரம்பிச்ச ரஃப் டிரேட்ங்கற இண்டி கம்பெனில சேந்தாங்க, 1984லேந்து 1987க்குள்ள நாலே நாலு ஸ்டூடியோ ஆல்பம், அதுல ரெண்டாவது பிரிட்டன்ல நம்பர் 1, மத்த மூணும் நம்பர் 2. மாரோட ரிக்கன்பேக்கர் கிட்டார்ல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா சலங்கை மாதிரி கேக்கும், அதக் கேட்டு வளந்த பசங்க அதே மாதிரி வாசிக்க ஆரம்பிச்சதும் சொல்லு மெல்ல கம்பெனிய விட்டுட்டு சத்தத்து மேல ஒட்டிக்கிச்சு. ஸ்மித்ஸே 1986ல இஎம்ஐங்கற பெரிய ரெக்கார்ட் கம்பெனி கூட ஒப்பந்தம் போட்டவங்கதான், ஆனா அங்க ஒரு பாட்டு கூட ரெக்கார்ட் பண்றதுக்குள்ள 1987ல மாரு வெளிய போயிட்டாரு, பேண்ட் முடிஞ்சுது.

பணம் பிரிச்ச கதையும் இருக்கு. மோரிஸ்ஸிக்கும் மாருக்கும் ஆளுக்கு 40 சதவீதம், பேஸ் வாசிச்ச ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசிச்ச மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு வெறும் 10. ஜாய்ஸ் கோர்ட்டுக்குப் போய் 1996ல 25 சதவீதம் ஜெயிச்சாரு. பெரிய கம்பெனியச் சாராத பேண்டுக்குள்ளயே ரெண்டு பேரு மத்த ரெண்டு பேரச் சார்ந்துதான் இருந்திருக்காங்க, இது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

1992ல கிரியேஷன் ரெக்கார்ட்ஸ்ங்கற இண்டி கம்பெனியோட 49 சதவீதத்த சோனிங்கற பெரிய கம்பெனி வாங்கிடுச்சு. 1994ல அதே கிரியேஷன்லேந்து ஒயாசிஸ்ங்கற பேண்ட் வந்தப்பவும் இண்டின்னுதான் எழுதினாங்க. அதுக்குள்ள சொல் முழுசா மாறிடுச்சு.

தமிழ்ல சுயாதீன இசைன்னு பரவலா எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா அது வடமொழி. தனியிசைன்னா இங்க சினிமால வராத பாட்டுன்னுதான் புரிஞ்சுக்கறாங்க, அதப் பெரிய கம்பெனியே வெளியிட்டாலும் தனியிசைதான், அதனால அது வேற பொருள். என்னைக் கேட்டா தற்சார்பு இசைதான் சரி, தானே தன் மேல சாயறதுன்னு அந்தப் பழைய அர்த்தம் அப்படியே உக்காந்துருக்கு. ரஃப் டிரேட்ல இருந்த ஸ்மித்ஸ தற்சார்பு இசைக்குழுன்னு தாராளமா எழுதலாம். ஒயாசிஸுக்கு அது பொருந்தாது, அங்க இண்டின்னே விட்டுடணும்.