கடலூர் - புதுச்சேரி வைஃபை: ஒப்புகைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, மின்சாரத்தோடு தொலைபேசியும் போனது. இந்தக் கரையில் இரண்டு ஊர்களையும் நேராக இணைக்கும் ஒரு வைஃபை இணைப்பு இருந்தால் எவ்வளவு உதவும்! நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். இரு முனையிலும் டிஷ் ஆன்டெனாவும், சவுக்குத் தோப்புகளை விட நன்றாக உயர்ந்த கோபுரமும் அமைத்துவிட்டால் சிக்னல் போய்ச் சேரும். ஆனாலும் இணைப்பு திணறும்.

வைஃபையில் தரவு சிறு துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகும். ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்தால், ‘கிடைத்தது’ என்று எதிர்முனை உடனே ஒப்புகை அனுப்ப வேண்டும். அனுப்பிய கருவி அதற்காகச் சில பத்து மைக்ரோநொடிகள்தான் காத்திருக்கும். வரவில்லையா, பாக்கெட் தொலைந்தது என்று மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் சுமார் 300 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப 133 மைக்ரோநொடி ஆகும். ஒப்புகை வழியில் இருக்கும்போதே அதே பாக்கெட் திரும்பக் கிளம்பிவிடும். நேரமெல்லாம் இதிலேயே கரையும்.

வைஃபைக்கான 802.11 தரநிலையிலேயே இதற்கு வழி உண்டு. ‘கவரேஜ் கிளாஸ்’ என்ற எண்ணை ஒரு படி கூட்டினால் காத்திருக்கும் நேரம் 3 மைக்ரோநொடி கூடும், அதாவது போய்த் திரும்ப 450 மீட்டர் தூரம். ஆனால் தரநிலை 31-ஆம் படியோடு நின்றுவிடுகிறது, 13.95 கிலோமீட்டர். நமக்கு வேண்டியது 45-ஆம் படி.

லினக்ஸ் இயங்குதளம் அதே எண்ணுக்கு 255 வரை இடம் கொடுக்கிறது, 114 கிலோமீட்டருக்கும் மேல். வைஃபை சிப்பை இயக்கும் லினக்ஸ் நிரல்களை டிரைவர் என்பார்கள். அவற்றில் ஒன்றான ஏடிஎச்9கே (ath9k) டிரைவரில் நடப்பது எளிய கணக்கு: அந்த எண்ணை மூன்றால் பெருக்கி, வைஃபையின் அடிப்படைக் காத்திருப்பு அலகான ஸ்லாட் நேரத்தோடு கூட்டு, அதிலிருந்து ஒப்புகைக்கான நேரத்தைக் கணக்கிட்டுச் சிப்பில் எழுது. மூலநிரல் திறந்திருப்பதால் யாரும் இதைப் படித்துச் சரிபார்க்கலாம். 2014-இல் இன்னொரு வசதியும் வந்தது: அனுப்பிய நேரத்தையும் ஒப்புகை வந்த நேரத்தையும் ஒப்பிட்டு, டிரைவரே தூரத்தைக் கணித்துக்கொள்ளும்.

இப்படித் தரநிலையைத் தாண்டும் வசதிகளை எங்கே வைப்பது? முன்பெல்லாம் ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று கட்டளைகள் வைத்திருந்தது. கார்டை மாற்றினால் எல்லாம் பாழ். இப்போது லினக்ஸில் எல்லா வைஃபை டிரைவர்களுக்கும் மேலே இருக்கும் சிஎஃப்ஜி80211 (cfg80211) என்ற பொது அடுக்கின் வழியாக வந்தால், எந்த டிரைவருக்கும் ஒரே கட்டளை போதும். இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பராமரிப்பாளர்கள் காட்டும் கண்டிப்பு சரியானது என்றே நினைக்கிறேன். அப்புறம், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது வேறு, அனுமதியில்லாத அலைவரிசையில் பேசுவது வேறு. 5 கிகாஹெர்ட்ஸில் உரிமமின்றி எங்கே பேசலாம் என்று இந்திய அரசின் 2018 அறிவிக்கை வரையறுத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் ‘வசதி’ எதற்கும் டிரைவரில் இடமிருக்கக் கூடாது.

உண்மையான முட்டுக்கட்டை ஃபர்ம்வேர்தான். புதிய சிப்கள் பலவற்றில் டிரைவர் திறந்திருந்தாலும், மைக்ரோநொடிக் கணக்கைப் பார்ப்பது சிப்புக்குள் ஓடும் இந்த மூடிய நிரல். அப்படிப்பட்ட சிப்களுக்கான ஏடிஎச்10கே (ath10k) டிரைவரில் இதற்கு ஒரு சுற்றுவழி பிடித்திருக்கிறார்கள்: ஃபர்ம்வேரைக் கேட்காமலே, சிப் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களில் புது மதிப்பை எழுதுவது, ஃபர்ம்வேர் அதை அழித்துவிட்டால் மறுபடி எழுதுவது. அழித்தது எப்படித் தெரியும்? ஃபர்ம்வேர் வெளியிடும் எச்சரிக்கைப் பதிவுகளைக் கவனித்துத்தான். பொறுமையான வேலை இது, சில சிப்களுக்கு மட்டுமே பலிக்கும்.

ஆகவே நீண்டதூர இணைப்புக்கு ரேடியோ வாங்குபவர்கள் வேகத்தைப் பார்க்கும் முன், அந்தச் சிப்பின் டிரைவர் கவரேஜ் கிளாஸை மாற்ற விடுகிறதா என்று பாருங்கள். மாற்றும்போது இரு முனையிலும் ஒரே மதிப்பை வையுங்கள். தூரத்துக்கு வேண்டியதை விட அதிகமாக வைத்தால், தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வீணாகக் காத்திருக்க நேரும்.