முதுகில் குழி இருந்த தத்துப்பூச்சி

நெல் விவசாயி யாருக்கும் புகையான் என்ற தத்துப்பூச்சியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயலில் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து நிற்கும். அதற்குத் தூரத்து உறவான பூச்சி ஒன்று, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மரப்பிசினில் சிக்கிக்கொண்டது. பிசின் இறுகி அம்பர் ஆனது. 2007இல் ரஷ்யத் தொல்பூச்சியியலாளர் திமித்ரி ஷெர்பகோவ் அதற்குப் பெர்ஃபோரிசஸ் முய்ரி என்று பெயர் வைத்தார்.

அது தத்துப்பூச்சிதான் என்பதைச் சொல்வது எளிது. இந்தக் கூட்டத்தில் உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே, கன்னத்திலிருந்து கிளம்பும். அதன் இரண்டாம் கணு குமிழ்போலப் பருத்து, உணர்வுறுப்புகள் நிறைந்திருக்கும். முன்னிறகின் பின்பகுதியில் இரண்டு நரம்புகள் ஒன்றுசேர்ந்து ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போல ஓடும்.

சரி, எந்தக் குடும்பம்? இங்கேதான் சிக்கல். புகையான் என்றால் பின்னங்காலைப் பார்த்தால் போதும்: அசையக்கூடிய ஒரு முள் இருக்கும், அது டெல்ஃபாசிடே குடும்பத்தின் முத்திரை. பெர்ஃபோரிசஸில் அது கிடையாது. பார்வைக்கு அது ஐரோப்பாவில் இன்றும் வாழும் இஸ்ஸஸ் என்ற பேரினத்தை நினைவூட்டும். ஆனால் வண்டுபோலக் குவிந்த உடல் தத்துப்பூச்சிகளில் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இறக்கை இருப்பதால் வௌவால் பறவை ஆகிவிடாது. இங்கும் அதே கதைதான்.

முடிவுக்கு வழிகாட்டியது உடலில் இருந்த நுண்ணிய குழிகள். தத்துப்பூச்சிக் குஞ்சுகளின் முதுகில் இவை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியின் விளிம்பிலிருந்தும் ஓர் உணர்மயிர் கிளம்பி குழியின்மேல் சாய்ந்திருக்கும். ஐந்து பருவங்கள் கடந்து, கடைசித் தோலை உரித்துவிட்டு வெளியே வரும்போது, பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் குழிகள் மறைந்துவிடும். பெர்ஃபோரிசஸோ வளர்ந்த பிறகும் அவற்றை வைத்திருந்தது. பெயரே அதைத்தான் சொல்கிறது: 'துளையுள்ள இஸ்ஸஸ்'. (முய்ரி என்பது ஹவாயில் கரும்புத் தத்துப்பூச்சிகளோடு மல்லுக்கட்டிய பிரெடெரிக் முய்ரின் பெயர். பொருத்தமான மரியாதை என்றே நினைக்கிறேன்.)

ஒரு பண்பை எப்படி எடைபோடுவது என்பதுதான் வகைப்பாட்டின் உயிர்நாடி. குழிகள் மூதாதையரிடமிருந்து அப்படியே வந்த பழைய சொத்தாக இருந்தால், அவை உள்ள பூச்சிகள் நெருங்கிய உறவு என்று சொல்ல முடியாது. பழைய சொத்து யாரிடமும் மிச்சமிருக்கலாம். குஞ்சுப் பருவப் பண்பை வளர்ந்த பிறகும் தக்கவைத்துக்கொண்ட புதிய மாற்றம் என்றால், அதைப் பகிர்ந்துகொள்ளும் பூச்சிகள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு கூடும். அதனால் குழியை மட்டும் நம்பாமல் இறகு நரம்பு, தலை, கால் முட்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது, இன்று வாழும் எந்தக் குடும்பத்திலும் இது அடங்கவில்லை. ஷெர்பகோவ் புதிய குடும்பத்தையே நிறுவினார். விலங்கியல் பெயரிடும் விதிப்படி, குடும்பத்தின் பெயர் அதன் மாதிரிப் பேரினத்திலிருந்து, அதாவது அந்தக் குடும்பத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளும் பேரினத்திலிருந்து, வர வேண்டும்; ஆகவே பெர்ஃபோரிசிடே. நாளை யாராவது இந்தக் குடும்பத்தைப் பிரித்தாலும், பெயர் பெர்ஃபோரிசஸ் இருக்கும் பக்கமே போகும். மியான்மர், லெபனான், சைபீரிய அம்பர்களிலிருந்தும் இதே குடும்பத்துப் பூச்சிகள் விவரிக்கப்பட்டுள்ளன. எல்லாமே டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியஸ் காலத்தவை. அதற்குப் பிந்தைய பாறையிலோ அம்பரிலோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

குழிகளை நேரில் பார்க்க அம்பர் வேண்டாம். நெல் தூரிலிருந்து ஒரு புகையான் குஞ்சை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் போதும். கடைசித் தோல் உரியும் வரை அதன் முதுகிலும் அவை இருக்கும்.