‘இளைச்சுட்டீங்களே!’ என்று பாராட்டுவதற்கு முன்

காலையில் காசநோய்ப் பிரிவிலும் சாயங்காலம் என்னுடைய கிளினிக்கிலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். எடை பார்க்கும் மெஷின் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான். ஏறி நிற்கும் விதம்தான் வேறு. சாயங்காலம் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், செல்போனை மேஜைமேல் வைப்பார்கள், சிலர் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். காலையில் வருகிறவர்களிடம், “பையை இறக்கி வெச்சுட்டு ஏறுங்க” என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். போன தடவையைவிட அரைக் கிலோவாவது கூடியிருக்க வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு.

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. வயிற்றுக்குப் போதாத உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த கிருமி தலைதூக்குகிறது. நோய் வந்த பிறகு பசியும் போய்விடும், இருக்கிற சதையும் கரைந்துவிடும். ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளையும் அவர்கள் வீடுகளில் இருந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் மாதாமாதம் தானியமும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5% எடை கூடிய நோயாளிகளிடையே மரணம் 61% குறைவாக இருந்தது. 40 கிலோ இருக்கிற ஒருவருக்கு அந்த 5% என்பது வெறும் 2 கிலோ. அதே 2 கிலோ கூடிவிட்டது என்று சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு.

ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தபோது அவருடைய எடை 33 கிலோ. இருமல் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. அந்த அலுவலகத்தில் பெண்கள் சிலர் எடை குறைக்கும் போட்டி வைத்துக்கொண்டிருந்தார்களாம். “அக்கா, நீங்க எப்படி இப்படி இளைச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க”ன்னு கேட்டாங்க டாக்டர், எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு என்றார். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனதை ஒரு நோயின் அறிகுறியாக அங்கே ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. கேட்ட பெண்கள் கெட்டவர்கள் இல்லை. எடை குறைவது என்றாலே நல்லது என்று நம் எல்லோருக்கும் பழகிப் போயிருக்கிறது.

அதனால் இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உணவுக் கட்டுப்பாடோ உடற்பயிற்சியோ இல்லாமல், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5% குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். காசநோய், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் எதுவும் பின்னால் இருக்கலாம். கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை என்று இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், வாசலில் காவலுக்கு நிற்கிறவர் இளைத்துக்கொண்டே வந்தால், “இருமல் இருக்கா?” என்று கேளுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுங்கள். குணப்படுத்தக்கூடிய இந்த நோயால் 2023-இல் மட்டும் உலகத்தில் சுமார் 12.5 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கிளினிக்கில் உட்காரும்போது, ஆரம்ப காலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். 84 கிலோ இருந்த ஒரு பெண் எடையை நினைத்து அழுதபோது, “காலையில் என்னோட வார்டுக்கு வந்து பாருங்க, அப்போ தெரியும்” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வருடம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னொருவரின் பசியைக் காட்டி இவருடைய வேதனையை அடக்கப் பார்த்தது தப்பு. உடல் பருமனும் உண்மையான நோய்தான். 2022 கணக்குப்படி உலகத்தில் பெரியவர்களில் 89 கோடி பேருக்கு அது இருக்கிறது. வறுமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மலிவாகக் கிடைப்பதைத் தின்றுவிட்டு, நடக்கவோ தூங்கவோ நேரமில்லாமல் இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் உடம்பு பெருக்கிறது. போதாததற்கு, சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. என்னுடைய சாயங்கால நோயாளி ஒருவர் காலைப் பிரிவுக்கு வந்து நிற்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் வேறு மாதிரி பேசுகிறேன். சர்க்கரை நோய் வரும் கட்டத்தில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 7% எடையைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி என்ற இரண்டையும்தான் இலக்காக வைத்தார்கள். நோய் வருவது 58% குறைந்தது. நோய் வந்துவிட்ட பிறகும் அந்த அளவுக் குறைப்பு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்க உதவுகிறது. 84 கிலோவுக்கு 7% என்பது 6 கிலோ. உடம்புக்காகக் கேட்கிறேன் என்றால் நான் கேட்பது அந்த 6 கிலோதான். கல்லூரியில் படித்தபோது இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைப்படட்டும், ஆனால் அது நடக்காத ஒவ்வொரு நாளும் தோல்வி என்று அவர் தன்னைத் தண்டித்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தடவை அவரே கேட்டார்: “காலையில வர்றவங்க எல்லாம் எடை கூடினா என்ன சொல்வாங்க டாக்டர்?” சிரிப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் தினமும் எடை பார்ப்பதை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டார். இப்போது 80 கிலோ, சர்க்கரையும் இறங்கி வருகிறது.

துப்புரவு வேலை பார்த்த அந்த அம்மா நான்காம் மாதம் வந்தபோது பையைத் தானாகவே இறக்கி வைத்துவிட்டு ஏறினார். 38 கிலோ. காசநோய் மாத்திரை எத்தனை என்பதை எடையை வைத்துத்தான் முடிவு செய்வோம். அவர் அடுத்த எடை வரம்புக்குப் போய்விட்டதால் தினமும் ஒரு மாத்திரை கூட்டி எழுதினேன். “மாத்திரை கூடிடுச்சா? அப்போ நோய் முத்திடுச்சா டாக்டர்?” என்று பதறினார். இல்லை அம்மா, நீங்கள் கூடியிருக்கிறீர்கள் என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.