பெயரை மாற்றினால் கணக்கு மாறுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹாஸ்கல் என்ற நிரலாக்க மொழியில் எழுதிய நிரலில் ஒரு பெயரின் மேல் நின்று 'பெயர் மாற்று' என்று எடிட்டரிடம் சொன்னால் எல்லாக் கோப்புகளிலும் அது மாறிவிடுகிறது. தேடி மாற்றும் கட்டளையும் இதைத்தானே செய்கிறது? இதற்கு எதற்குத் தனியாக ஒரு கருவி?"

திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு கடைக்குப் பற்றுச்சீட்டு நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பொதுவாக 50 ரூபா கழிவு. வழக்கமாக வருபவர்களுக்கு அதற்கு மேல் ஒரு தள்ளுபடி.

கழிவு = 50
இறுதி விலை தள்ளுபடி = விலை − கழிவு − தள்ளுபடி

இரண்டாம் வரியில் 'இறுதி' என்பது ஒரு சார்பின் பெயர், அதாவது உள்ளீடுகளை வாங்கி விடை தரும் கணக்கு. விலையும் தள்ளுபடியும் அதற்குள்ளேயே பிறக்கும் உள்ளீடுகள். 1000 ரூபாச் சாமானுக்கு 200 ரூபா தள்ளுபடி கொடுத்தால் விடை 750. இப்போது முதல் வரியில் உள்ள 'கழிவு' என்ற பெயரைத் 'தள்ளுபடி' என்று மாற்ற விரும்புகிறோம். தேடி மாற்றும் கட்டளை இரண்டாம் வரியை 'விலை − தள்ளுபடி − தள்ளுபடி' என்று ஆக்கிவிடும். விடை 600. ஒரு பற்றுச்சீட்டிலேயே கடைக்காரருக்கு 150 ரூபா நட்டம். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் இதைப் பிழை என்று சொல்லாது, எல்லாமே எண்கள்தானே! முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை தரும், அவ்வளவுதான்.

நடந்தது என்னவென்றால், வெளியே பிறந்த பெயரை உள்ளே பிறந்த அதே பெயர் பிடித்துக்கொண்டது. இந்தச் சிக்கல் கணினியைவிடப் பழையது. 1930களில் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச், சார்புகளை எழுதிக் கணிக்கும் முறையான லாம்டா நுண்கணிதத்தை அமைத்தபோதே பெயர் மாற்றத்துக்கு விதி தேவைப்பட்டது. ஹாஸ்கல், எர்லாங், ஸ்கீம் போன்ற, சார்புகளைக் கொண்டே நிரல் எழுதும் சார்புமுறை மொழிகளுக்கு அந்த நுண்கணிதம்தான் அடித்தளம்.

எடிட்டரின் கருவி எழுத்துகளைப் பார்ப்பதில்லை. நிரலை முதலில் ஒரு மரமாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அது எங்கே பிறந்தது என்று தேடி அந்த இடத்துக்கு ஒரு சுட்டியைப் போடுகிறது. உள்ளேயிருந்து வெளியே போகும்போது முதலில் எதிர்ப்படும் பிறப்பிடமே அதற்குரியது. பெயரை மாற்றிய பின்னும் எல்லாச் சுட்டிகளும் பழைய இடங்களையே காட்டினால்தான் மாற்றம் சரி.

இந்தச் சோதனையை மிக அழகாகச் செய்ய ஒரு வழி உண்டு. நெதர்லாந்துக் கணிதவியலாளர் டி பிராய்ன் 1972இல் தந்தது. பெயர்களையே தூக்கி எறிந்துவிடுங்கள் என்றார் அவர். ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக, அது பிறந்த இடம் உள்ளேயிருந்து எத்தனையாவது என்ற எண்ணை எழுதினால் போதும். நம் நிரலில் ஆக உள்ளே பிறந்தது தள்ளுபடி, அது 1. அடுத்தது விலை, அது 2. எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது கழிவு, அது 3. ஆகவே சூத்திரம் '2 − 3 − 1'. கண்மூடித்தனமாக மாற்றிய பிறகு அதுவே '2 − 1 − 1' ஆகிறது. பிழை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது! மாறாக, உள்ளே இருக்கும் தள்ளுபடியைச் 'சலுகை' என்று மாற்றிவிட்டு வெளிப்பெயரைத் தொட்டால் மீண்டும் '2 − 3 − 1' வரும். இரண்டு நிரல்கள் உள்ளே வைத்த பெயர்களில் மட்டும் வேறுபடுகின்றனவா என்ற கேள்விக்கு விடை, இரண்டு எண் வரிசைகளும் ஒன்றா என்று பார்ப்பதுதான். நம் ஊர்க் காணி உறுதியில் காணியின் பெயரோடு நான்கு எல்லைகளையும் எழுதுவது இதனால்தான். ஒரே பெயரில் பல காணிகள் இருக்கலாம், எல்லைகள் ஒன்றாக இருக்க முடியாது.

பெயர் மோதினால் சில கருவிகள் வேறு பெயர் கேட்டு நிறுத்திக்கொள்கின்றன. சில, மோதும் உள்பெயரைத் தாமே மாற்றிவிடுகின்றன. நிறுத்திக் கேட்பதே எனக்குப் பிடிக்கும். பெயர் வைப்பது எழுதியவரின் உரிமை.

ஒரு துண்டை வெட்டித் தனிச் சார்பாக்குவதற்கும் இதே சுட்டிகள் போதும். துண்டில் வரும் பெயர்களில், துண்டுக்குள் பிறக்காத, ஆனால் அதை வெட்டியெடுத்த பழைய சார்புக்குள் பிறந்தவை எவையோ, அவை புதிய சார்பின் உள்ளீடுகள் ஆகின்றன. ஹாஸ்கல் போன்ற தூய சார்புமுறை மொழிக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. 'விலை − கழிவு' போன்ற ஒரு கோவையை, அதன் சுட்டிகள் மாறாதவரை, எங்கே வைத்தாலும் அதன் மதிப்பு ஒன்றே. கோப்பிலிருந்து அடுத்த வரியை வாசிக்கும் கட்டளையை வேறு மொழியில் இரண்டு இடத்தில் பிரதி செய்தால் இரண்டு வெவ்வேறு வரிகள் வாசிக்கப்படும். ஹாஸ்கலில் அத்தகைய வேலை தனி வகையாகவே குறிக்கப்பட்டிருப்பதால் மற்றவற்றைத் துணிந்து நகர்த்தலாம். மதிப்புத்தான் மாறாது, நேரம் மாறலாம்: ஒருமுறை கணக்கிட்டுப் பகிர்ந்த ஒன்றை இரண்டு இடத்தில் விரித்து எழுதினால் வேலை இரட்டிக்கும்.

இத்தகைய கருவிகளுக்கு வரலாறு உண்டு. கணினி விஞ்ஞானிகள் பர்ஸ்டால், டார்லிங்டன் இருவரும் 1977இலேயே சார்புகளை விரித்தும் மடித்தும் நிரலை மாற்றும் முறையை எழுதினார்கள். 1991இல் கிரிஸ்வோல்டின் ஆய்வேடு ஸ்கீம் நிரல்களை மறுசீரமைக்கும் கருவி பற்றியது. பின்னர் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் சைமன் தொம்சன், ஹுயிசிங் லீ முதலானோர் ஹாஸ்கலுக்கு 'ஹேர்', எர்லாங்குக்கு 'ராங்ளர்' என்று இரண்டு கருவிகளைக் கட்டினார்கள். எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் பொது முறையாக 2016இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட மொழி வழங்கி நெறிமுறை வந்த பிறகு, ஒரு மொழிக்கு ஒருமுறை எழுதிய கருவி பல எடிட்டர்களிலும் ஓடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஹாஸ்கல் கம்பைலரின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் அதன் மேல் கட்டிய கருவியையும் திருத்தவேண்டும். புதிய கருவி கட்டுவதற்கு ஆய்வு நிதி கிடைக்கிறது, கட்டியதைப் பராமரிக்கப் பணம் கிடைப்பது அரிது. அந்தச் சுமை பெரும்பாலும் தன்னார்வலர்களின் தலையில் விழுகிறது. நிதி வழங்குவோர் பராமரிப்பையும் ஆய்வாக ஏற்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களுக்கும் இது அருமையான களம். விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். ஓடுகிற நிரலைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் மூடநம்பிக்கையும் அப்போது குறையும்.

வாசகி இன்னொன்றும் கேட்டிருந்தார்: கருவி மாற்றிய பிறகு சோதனை தேவையா? தேவை. சுட்டி போட முடிந்த இடம் வரைதான் கருவிக்குக் கண் தெரியும். தரவுத்தள அட்டவணையில் உள்ள நெடுவரிசையின் பெயரோ, மேற்கோள் குறிக்குள் எழுதிய சொல்லோ அதற்கு வெறும் எழுத்து. எர்லாங்கில் எந்தச் சார்பை அழைப்பது என்பதை ஓடும் நேரத்தில்கூட முடிவு செய்யலாம். மாற்றப்படும் பெயர் அப்படி ஓரிடத்தில் தட்டுப்பட்டால், அது சார்பின் பெயரா வெறும் சொல்லா என்று சில வேளைகளில் எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வரிகளை எழுதியவரே திறந்து பார்க்கவேண்டும்.