ரோபஸ்ட் என்றால் வலிமை அல்ல

எஞ்சின் கட்டுப்பாட்டைப் பற்றி மொரிசியசில் தமிழில் எழுதுவோர் மிகச் சிலர். அவர்களும் ‘ரோபஸ்ட் கண்ட்ரோல்’ என்பதை ‘வலிமையான கட்டுப்பாடு’ என்றே எழுதிவருகிறார்கள். அண்மையில் ஒரு பயிற்சிக் குறிப்பில் ‘முரட்டுக் கட்டுப்பாடு’ என்றே போட்டிருந்தது. இனியும் பொறுப்பதற்கில்லை.

மூலம் லத்தீன். ‘ரோபுர்’ என்றால் ஓக் மரம். வைரம் பாய்ந்த அதன் கட்டையிலிருந்து உறுதி என்ற பொருள் பிறந்தது. பிரெஞ்சில் ‘ரொபுஸ்த்’. நம்மவர்கள் பிரெஞ்சு அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள்.

துறையில் அச்சொல்லின் வேலையே வேறு. தாளில் கணக்கிட்ட எஞ்சினும் சாலையில் ஓடும் எஞ்சினும் ஒன்றல்ல. கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து 500 மீட்டருக்கும் மேல் உயரத்திலுள்ள கியூர்பைப்புக்கு ஏறினால் காற்று அடர்த்தி குறைகிறது. பாகங்களும் நாளடைவில் தேய்கின்றன. இத்தகைய மாற்றங்களுக்கு முன்கூட்டியே எல்லை வகுத்து, அதற்குள் எது நேர்ந்தாலும் நிலைகுலையாதபடி வடிவமைப்பதுதான் ரோபஸ்ட்.

இதில் வலிமை எங்கே வந்தது? பெட்ரோல் எஞ்சினில் 1 கிலோ எரிபொருளுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இவ்விகிதத்திலிருந்து விலகினால், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களைச் சரியாக நீக்காது. கலவையை அளக்கும் ஆக்சிஜன் உணரியோ புகைபோக்கியில் இருக்கிறது. செய்தி தாமதமாகத்தான் வந்து சேரும். அந்தத் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் திருத்தத்தை வலுவாக்கினால் கலவை இப்பக்கமும் அப்பக்கமும் ஊசலாடும். 1950களிலிருந்து சோவியத் அறிஞர்கள் வளர்த்தெடுத்த நழுவுமுறைக் கட்டுப்பாடு (கட்டளையை மாறி மாறித் தட்டி, அமைப்பை வகுத்த பாதையிலேயே நழுவவைப்பது) நேரியலல்லாத, அதாவது காரணமும் விளைவும் ஒரே விகிதத்தில் கூடாத அமைப்புகளுக்கான முறைகளில் புகழ்பெற்றது. அதன் ஓயாத தலைவலியும் வேகமாக மாறி மாறித் தட்டுவதால் எழும் அதிர்வுதான். அதைத் தணிக்கவே பொறியாளர்கள் பாடுபடுகிறார்கள். அவர்களிடம் போய் ‘முரட்டு’ என்பதா?

‘திட்பம்’ அழகிய சொல். ஆனால் அது மனவுறுதியையே நினைவூட்டுகிறது. ‘நிலையான’ என்றால் ‘ஸ்டேபிள்’ என்ற வேறொரு கலைச்சொல்லோடு மோதும். என் தேர்வு ‘ஈடுகொடுக்கும் கட்டுப்பாடு’. வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பது என்று நாம் சொல்வதில் இப்பொருள் முழுமையாக இருக்கிறது. நீளம் என்பார்கள். தவறான குறுஞ்சொல்லைவிட இது மேல்.

அதே குறிப்பில் ‘நேரியலல்லாத’ என்பதற்கு ‘ஒழுங்கற்ற’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். எஞ்சினுக்குள் காற்றை விடும் காற்றுவாயிலைப் பாதிக்கு மேல் திறந்தால் காற்று அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆனாலும் அது விதிப்படியே நடக்கிறது. அதில் ஒழுங்கின்மை எதுவுமில்லை.