ஸ்பீக்கர் தட்டு அடிக்கும் முன் சுவரைப் பாருங்கள்

ஸ்பீக்கர் தட்டு பெரும்பாலும் பலகை உடைந்து விழுவதில்லை. சுவரில் பிளக் (துளைக்குள் செருகி ஸ்குரூவை இறுக்கும் பிளாஸ்டிக் குழல்) பிடிக்காமல்தான் விழுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரே தெருவில் கருங்கல், செங்கல், ஹாலோ பிளாக் என மூன்று சுவரும் இருக்கும். சிமென்ட் பூசிவிட்டால் வித்தியாசம் தெரியாது. டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக இருந்தால் செங்கல். சாம்பல் தூள் கொட்டி, ஒன்றரை அங்குலம் போனதும் பிட் சட்டென உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். பிட் நகராமல் சூடேறினால் கருங்கல்.

செங்கலில் வேலை எளிது. பூச்சு மட்டுமே அரை அங்குலம் இருக்கும், அது பாரம் தாங்காது. 8 மி.மீ. பிட்டால் 3 அங்குலம் துளைத்து, 2 அங்குல பிளக்கைப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளி, இரண்டரை அங்குல ஸ்குரூ போடுங்கள்.

ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக்கின் பாதி வெற்றிடத்தில் தொங்கும். ஸ்குரூவோடு சேர்ந்து சுற்றும். உள்ளே போய் விரியும் பிளக் வாங்குங்கள். துளையிடும்போது டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பிளாக்கின் உள்பக்கம் பெயர்ந்துவிடும்.

கருங்கல்லுக்கு ரோட்டரி ஹேமர் என்னும் பலமாக இடித்துத் துளைக்கும் டிரில்லை வாடகைக்கு எடுங்கள். கல் கடினம் என்று பலர் இரு கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் துளையிடுகிறார்கள். பழைய வீடுகளில் அங்கே இருப்பது மண்சாந்து. ஸ்பீக்கரின் அதிர்விலேயே அது உதிரும். கல்லிலேயே, ஓரத்திலிருந்து 2 அங்குலம் தள்ளித் துளையுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும், அங்கே கை வைக்காதீர்கள்.

பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். பின்பக்கம் காற்றுத்துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து 4 அங்குலமாவது தள்ளி வைக்க வேண்டும். பலகையின் ஆழத்தை அதற்கேற்ப அறுக்கவும். சுவரை ஒட்டிவிட்டால் பேஸ் (தாழ்ந்த ஒலி) குமுறும். தட்டைத் தாங்க இரண்டு எல் ஆங்கிள் (L வடிவ இரும்புத் தாங்கி). நீளமான கை சுவர்ப்பக்கம் வரட்டும்: மேல் ஸ்குரூவைத்தான் பாரம் வெளியே இழுக்கிறது, கை நீண்டால் அந்த இழுப்பு குறையும். அதிர்வில் ஸ்பீக்கர் மெல்ல நகரும் என்பதால், அடியில் சைக்கிள் டியூப் துண்டுகள், முன்விளிம்பில் தடுப்பாக 10 மி.மீ. பீடிங் (மெல்லிய மரச்சட்டம்).

உட்கார்ந்திருப்பவர் காது மட்டமே சரியான உயரம், தரையிலிருந்து சுமார் மூன்றே கால் அடி. தூளி கட்டும் இடத்துக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கும் மேலே மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஸ்பீக்கரை ஏற்றும் முன் 10 கிலோ அரிசிப் பையை ஒரு நாள் தட்டில் வையுங்கள். ஆங்கிளின் மேல்முனைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால், கழற்றி வேறு இடத்தில் துளையிடுங்கள்.