ஹூட்டுக்குள் அடங்காத முடிக்கு மழைக்கோட்

பல நிறுவனங்களின் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான வடிவ மாதிரி) அறைகளில் மழைக்கோட்டின் ஹூட்டை, அதாவது தலையை மூடும் பகுதியை, ஒரு பொம்மைத் தலையை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். சுற்றளவு 57 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும்; முடி இருக்காது. நேரான முடிக்காரர்களுக்கு இதனால் பெரிய தொந்தரவில்லை. இடுப்பு வரை சடை போட்டவர்கள்கூட அதைக் கோட்டுக்குள் விட்டுவிட்டு ஹூட்டை இழுத்துக்கொள்ளலாம். ஆஃப்ரோவாக விரிந்து நிற்கும் முடிக்கும், உச்சியில் கொண்டையாகக் குவித்த மெல்லிய பின்னல்களுக்கும், தடித்த லாக்ஸ் சடைகளுக்கும் அதில் இடமே கிடையாது. ஒன்று, ஹூட் நெற்றிக்கு வராமல் பாதியில் நின்றுவிடும். இல்லாவிட்டால் கோட்டின் தோள் மேலே தூக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கும்.

லண்டனில் மழை ஆடைகளுக்குப் பேட்டர்ன் போடுவது என் தொழில். ஃபிட்டிங்குக்கு வரும் கறுப்பினப் பெண்களிடம் மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கைப்பையில் பிளாஸ்டிக் குல்லா வைத்திருப்பதாக ஒருவர் சொல்வார், ஹூட்டுக்காகவே இரண்டு சைஸ் பெரிய கோட் வாங்குவதாக இன்னொருவர் சொல்வார். இதில் முடியும் நனைகிறது, கோட்டும் பொருந்தவில்லை.

தண்ணீரே சுருள் முடிக்கு ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைச்சருமத்தில் சுரக்கும் எண்ணெய் அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. அதனால் அந்த முடி சீக்கிரம் வறண்டுபோகும், ஈரப்பதம் அதற்குத் தேவைதான். அலங்காரம் முடித்த பிறகு வந்து விழும் தண்ணீர்தான் சிக்கல். முடியின் கெரட்டின் இழைகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டதும் அவிழும், காயும்போது புதிதாகச் சேரும். சூடு காட்டி நேராக்கிய சில்க் பிரஸ் தூறலில் சுருண்டுவிடும். முறுக்கிக் காயவைத்து அவிழ்த்த ட்விஸ்ட் அவுட் வடிவம் குலையும். நெருக்கமான சுருள் நீளத்தில் பாதிக்கும் மேல் உள்வாங்கிக்கொள்ளும். இதற்கெல்லாம் கொட்டும் மழை வேண்டாம், காற்றில் உள்ள ஈரமே போதும். பல மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டது பஸ் நிறுத்தத்தில் போய்விடும்.

நீச்சல் உலகத்தில் இதே கதை நடந்தது. பெரிய முடிக்கென்று பிரிட்டனில் உருவான சோல் கேப் என்ற நீச்சல் தொப்பியை, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021இல் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு அனுமதிக்கவில்லை. தலையின் இயல்பான வடிவத்தை அது ஒட்டி வரவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பு கிளம்பி, 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. யாருடைய தலை இயல்பான தலை என்ற கேள்வியை எங்கள் பேட்டர்ன் மேசையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு எடுப்பதிலிருந்தே மாற வேண்டும். கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்கம் வரை நாடாவை முடிமேல் தளர்வாக விட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு துண்டில் தைக்கும் ஹூட்டை விட்டுவிட்டு நடுவில் ஒரு பட்டை வரும் மூன்று துண்டு ஹூட்டுக்குப் போவது நல்லது. அந்தப் பட்டையை முகத்தருகே ஒடுக்கமாக வைத்து உச்சியிலும் பின்னாலும் அகலப்படுத்தினால், முன்புறம் அழகு கெடாமல் உள்ளே இடம் கிடைக்கும். பின்பக்கம் ஒரு ப்ளீட் (மடிப்பு) வைத்து பட்டனால் மடக்கிவிட்டால், முடியைத் தாழக் கட்டிய நாளில் ஹூட் தொளதொளக்காது. கழுத்துத் தையலின் நீளத்தை மட்டும் தொட வேண்டாம். தொட்டால் காலர் கெட்டுவிடும்.

இழுத்துக் கட்டும் கயிற்றை முகத்தைச் சுற்றி வைப்பது பழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. நெற்றியோரத்து மெல்லிய முடி ஓயாத இழுப்பில் உதிர்ந்துவிடும்; மருத்துவர்கள் இதை ட்ராக்ஷன் அலோபீஷியா என்கிறார்கள். இறுக்கத்தைப் பிடரிக்குக் கொண்டுபோய், முன்னால் விறைப்பான விளிம்பு வைத்தால் துணி நெற்றியில் உரசாது, தண்ணீரும் முகத்தில் சொட்டாது. ஐரோப்பியத் தரவிதிப்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஹூட்டில் கயிறே வைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெல்க்ரோவை முடியின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அப்புறம் லைனிங், அதாவது உள்துணி. வலைத்துணியில் சுருள் சிக்கும். பருத்தித் துணி, முடியின் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிவிடும். சாட்டின்தான் சரி. பட்டு சாட்டினுக்கு மதிப்பு அதிகம், ஆனாலும் மழைக்கோட்டுக்கு நான் பாலியெஸ்டரைத்தான் எடுப்பேன்: தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, துவைக்கலாம். சாட்டினை ஹூட்டின் விளிம்பு வரை கொண்டுபோகக் கூடாது. விளிம்பில் நனையும் லைனிங் தண்ணீரை உள்ளே கடத்தும். அதனால் ஓரத்தில் வெளித்துணியையே உள்ளே மடித்து, கொஞ்சம் தள்ளி சாட்டினைத் தொடங்க வேண்டும். லைனிங்கை வெளித்துணியோடு குத்திப் பிடிக்காமல் சீம் (தையல் மூட்டு) ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு கசிவு.

இந்த லைனிங்கைக் கழற்றித் துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஷியா வெண்ணெய், எண்ணெய், கிரீம் எல்லாம் துணியில் ஏறும். துணியில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் இருக்கப் பூசும் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள் வேண்டாம் என்று துறை மாறிவருவது நல்லதுதான், ஆனால் அவை இல்லாத பூச்சு தண்ணீரைத் தள்ளுமே தவிர எண்ணெயைத் தள்ளாது. எண்ணெய் படிந்த இடத்தில் மழைத்துளி உருண்டு ஓடாமல் ஊறும்.

நீராவியை மறந்துவிடுகிறோம். 10,000 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று லேபிளில் பெருமையாகப் போட்டால் போதுமா? தலையிலிருந்து வரும் ஆவி வெளியேறாவிட்டால் உள்ளேயே துளியாகும். பிளாஸ்டிக் குல்லாவின் குறை அதுதான். ஆவி போகவிடும் மெம்ப்ரேன் (மெல்லிய படலம்) உள்ள துணி விலை அதிகம். முடியாவிட்டால் பின்பக்க ப்ளீட்டுக்கு அடியில் மறைவாகக் காற்று வழி விடலாம்.

அட்லாண்டாவில் ட்ரேசி பிக்கெட் உருவாக்கிய ஹேர்பிரெல்லா, சாட்டின் லைனிங் உள்ள மழைத்தொப்பி. தனித் தொப்பி வேண்டுபவர்களுக்கு நல்ல வழி. அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் கோட்டிலேயே அந்த வசதி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. முடியின் தோற்றத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரௌன் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கலிஃபோர்னியா 2019இல் கொண்டுவந்தது. இயல்பான முடியோடு வேலைக்குப் போகிறவருக்கு நேவி நீலத்தில், நல்ல வெட்டோடு ஒரு ட்ரெஞ்ச் கோட் வேண்டும்; முகாமுக்குப் போகும் கோட் அல்ல.

சந்தை சின்னது என்று பையர்கள் (கடைகளுக்காக ஆடை வாங்குபவர்கள்) சொல்வார்கள். ஹிஜாப் கட்டியவரும் உயரக் கொண்டை போட்டவரும் அதே ஹூட்டை வாங்குவார்கள் என்று நான் பதில் சொல்வது வழக்கம். கூடுதல் செலவு கொஞ்சம் துணி, கொஞ்சம் சாட்டின், கூடுதலாக வரும் ஒரு நீளத் தையலின் துளைகளை அடைக்க டேப். ஏற்றுமதி ஆடைத் துறையில் சாம்பிள் பார்க்கும் நம்மவர்களுக்கு ஒன்று: டெக் பேக்கில் (ஆடையின் அளவுகளும் விவரங்களும் உள்ள குறிப்பில்) ஹூட் உயரம் என்று ஒரு எண் வந்தால், அது எந்த முடிமேல் அளந்தது என்று பையருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.